டேப்பட் கவரில் ஆயில் கசிகிறதா?

கார் நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். கறுப்பாக ஆயில் சொட்டி இருக்கிறதா? எஞ்சின் சூடானதும் தீய்ந்த வாடை வருகிறதா? எஞ்சினே போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ஒரு சின்னப் பேக்கிங் கெட்டிருக்கலாம். ஆனால் அப்படியே விட்டுவிடவும் கூடாது.

எஞ்சினின் தலைப்பகுதியில் வால்வுகள் இருக்கின்றன. அவற்றை இயக்கும் பாகங்கள் தேயாமல் இருக்க, ஆயில் மேலே வந்துகொண்டே இருக்கும். அது வெளியே சிதறாமல் காப்பது மேல் மூடி. மெக்கானிக்குகள் இதை டேப்பட் கவர் என்பார்கள். மூடிக்குக் கீழே பேக்கிங் இருக்கும். குக்கர் மூடியில் ரப்பர் வளையம் செய்யும் வேலையை இங்கே பேக்கிங் செய்கிறது.

அம்பாசிடர் காரை எடுத்துக்கொள்வோம். இது மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் தயாரானது. 2014இல் தயாரிப்பு நின்றது. இதன் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் இரண்டு நட்டுகள் மூடியைப் பிடித்திருக்கும். பேக்கிங் கார்க்கால் ஆனது. நாளாக ஆக, சூட்டில் கார்க் காய்ந்து வெடிக்கும். ஆயில் கசியும்.

கசிந்தால் என்ன ஆகும்? ஆயில் குறைந்தால் எஞ்சின் தேயும். மிகவும் குறைந்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சூடான புகைக்குழாய் மேல் ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கவும் கூடும்.

முதலில் கசியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஆயில் மேலிருந்து கீழே வழியும். சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. எஞ்சினைத் துடைத்துவிட்டுச் சிறிது நேரம் ஓடவிடுங்கள். மூடியின் ஓரம் மறுபடி ஈரமானால் பேக்கிங்தான் காரணம்.

கடையில் வாங்கும்போது பாக்கெட்டை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். வண்டியின் பெயர் சரியா? பெட்ரோல் எஞ்சினுக்கா, டீசல் எஞ்சினுக்கா? இரண்டும் வேறு வேறு.

இனி வேலையைத் தொடங்கலாம்.

1. எஞ்சின் நன்றாக ஆறட்டும்.

2. நட்டுகளைக் கழற்றி, வாஷர்களோடு ஒரு தட்டில் வையுங்கள்.

3. மூடி ஒட்டியிருந்தால் மரக்கட்டையால் மெல்லத் தட்டுங்கள். திருப்புளியால் நெம்பாதீர்கள். ஓரம் வளைந்துவிடும்.

4. திறந்த பகுதியைச் சுத்தமான துணியால் மூடுங்கள். பிறகு பழைய பேக்கிங்கைச் சுரண்டுங்கள். துணுக்கு உள்ளே விழக் கூடாது. முடிந்ததும் துணியை மறக்காமல் எடுங்கள்.

5. மூடியைச் சமமான இடத்தில் வைத்துப் பாருங்கள். ஓரம் வளைந்திருந்தால் நிமிர்த்துங்கள்.

6. புதுப் பேக்கிங்கைச் சரியாகப் பொருத்துங்கள். நட்டுக்குக் கீழே உள்ள ரப்பரையும் மாற்றுங்கள்.

7. இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

கசியாமல் இருக்கட்டும் என்று பலத்தையெல்லாம் போட்டு முடுக்காதீர்கள். கார்க் நசுங்கி உடையும். மறுபடி கசியும்.

ஆயில் அளவுக் கம்பியில் இரண்டு கோடுகள் உண்டு. ஆயில் அவற்றுக்கு நடுவே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் ஊற்றுங்கள். பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டி, மூடியின் ஓரத்தைப் பாருங்கள்.

புதுப் பேக்கிங்கும் சீக்கிரமே கசிகிறதா? எஞ்சினுக்குள் சேரும் காற்றும் புகையும் வெளியேற ஒரு குழாய் உண்டு. அது அடைத்தால், உள்ளே அழுத்தம் கூடி ஆயிலை வெளியே தள்ளும். மெக்கானிக்கிடம் அந்தக் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர் வீண் செலவு செய்ய மாட்டார்.