ருடால்ஃபின் மூக்கு ஏன் சிவந்தது?

கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டிக்கு வழிகாட்டும் சிவப்பு மூக்குத் துருவமான் ருடால்ஃப், 1939இல் அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் மே படைத்த பாத்திரம். அது நிஜமாகவே பிறந்திருந்தால் மூக்கு சிவந்திருக்குமா? பளிச்சென ஒளிர்ந்திருக்காது; சிவப்புக்கு மட்டும் நியாயம் உண்டு.

துருவமானின் மூக்கு வியப்பான கருவி. உள்ளே சுருள் சுருளான மெல்லெலும்புகள்; அவற்றைப் போர்த்திய ஈரச்சவ்வில் ரத்தம் பாய்கிறது. உறையவைக்கும் காற்று நுரையீரலை எட்டுமுன் இங்கே சூடேறுகிறது. மூச்சு வெளியேறும்போது அந்த வெப்பமும் ஈரமும் சவ்வுக்கே திரும்புகின்றன. 2012இல் நெதர்லாந்து, நார்வே ஆய்வாளர்கள் அளந்தபோது, துருவமானின் மூக்கில் நுண்ரத்தக்குழாய்களின் அடர்த்தி மனித மூக்கைவிடச் சுமார் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஓடிக் களைத்த மானின் முகத்தை வெப்பப்படக் கருவியில் பார்த்தால் மூக்கு தனியே சிவந்து தெரிகிறது!

எனக்கு மிகவும் பிடித்தது கொம்புச் செய்திதான். வளர்ந்த ஆண்மான்கள் இணைசேரும் பருவம் முடிந்ததும், பெரும்பாலும் டிசம்பருக்குள், கொம்பை உதிர்த்துவிடும். பெண்மான்களோ வசந்தம்வரை வைத்திருக்கும். பனியைத் தோண்டிய குழியில் கிடைக்கும் உணவைக் காக்க அது உதவும். கிறிஸ்துமஸ் இரவில் கொம்போடு பறக்கும் ருடால்ஃப், அநேகமாக ஒரு பெண்மான்.