மீன் செதிலில் மின்சாரம்!

கொள்ளிடக் கரையை அடுத்த குமராட்சி வட்டாரத்தில் மீன் அரிபவர்கள் செதிலைச் சீவிக் குப்பையில் எறிவது வழக்கம். அந்தச் செதிலிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அது வாஸ்தவம். செதிலின் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து நீக்கி, இரு பக்கமும் உலோகம் பூசி அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று 2016ஆம் வருஷத்தில் கல்கத்தா ஜாதவ்பூர் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸுஜய் குமார் கோஷும் தீபங்கர் மண்டலும் காட்டினார்கள். 1906ல், சுதேசி இயக்கத்தின் எழுச்சியிலே நம்மவர் நிறுவிய தேசியக் கல்விச் சபையிலிருந்து வளர்ந்ததே அந்தச் சர்வகலாசாலை.

அழுத்தத்தால் மின்சாரம் உண்டாவது பழைய சங்கதிதான். 1880ல் பிரெஞ்சு தேசத்துச் சகோதரர்களான ழாக் க்யூரியும் பியேர் க்யூரியும் படிகங்களில் இதைக் கண்டார்கள். சமையலறையில் 'டிக்' என்று தட்டிக் காஸ் அடுப்பைப் பற்றவைக்கிறோமே, அதன் சூட்சுமமும் இதுவே. செதிலில் படிகத்தின் வேலையைச் செய்வது கொலாஜன் என்னும் புரத நார். தலைமயிரைவிடப் பல நூறு மடங்கு மெல்லியது. மூன்று புரியாக முறுக்கிய அதன் அமைப்பை 1954ல் உலகுக்கு எடுத்துரைத்தவர்கள் சென்னைச் சர்வகலாசாலையின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவுமே.

செதில் கருவி கொடுத்தது 4 வோல்ட், மின்னோட்டமோ 1.5 மைக்ரோ ஆம்பியர். இவ்விரண்டையும் பெருக்கிச் சக்தியைக் கணக்கிடலாகாது. ஓட்டம் இல்லாதபோது கிடைப்பது அந்த 4 வோல்ட். வோல்ட் இல்லாதபோது கிடைப்பது அந்த ஓட்டம். வீராணம் ஏரி ததும்பி நின்றாலும், மதகு ஊசித் துவாரமாயிருந்தால் வயலுக்கு எவ்வளவு நீர் பாயும்? அந்தத் துவாரத்தின் நெருக்கத்தையே விஞ்ஞானிகள் மின்மறுப்பு என்கிறார்கள்.

இதை எப்படி அளப்பது? சிறிய மாறுமின்னோட்டத்தைப் பல வேகங்களில் நார்த் தகட்டின் வழியே செலுத்தி, வோல்ட்டுக்கும் ஓட்டத்துக்கும் உள்ள விகிதத்தையும், ஒன்றுக்கு ஒன்று எவ்வளவு முந்துகிறது என்பதையும் குறித்துக்கொள்கிறார்கள். துடிப்பு மெதுவாக ஆக ஆக மறுப்பு ஏறும். ஒரு நானோபாரட் கொள்ளளவுள்ள தகட்டை நாடித் துடிப்பைப் போல் விநாடிக்கு ஒரு தரம் அழுத்தினால், மறுப்பு சுமார் 16 கோடி ஓம். சாதாரண வோல்ட்மானியின் மறுப்போ ஒரு கோடி ஓம்தான். அதைக் கொண்டு அளந்தால் உண்மையான வோல்ட்டில் பதினாறில் ஒரு பங்கே தெரியும். நல்ல நாரைப் பயனற்றதென்று தள்ளிவிடவும் நேரலாம்! மறுப்பை அறிந்தவரோ அதற்கு ஈடான சுமையை இணைத்து, கூடியமட்டும் அதிக சக்தியைப் பெறுகிறார். ஈரம் புகுந்து மின்சாரம் கசிந்தாலும், நார் அறுந்தாலும், மறுப்பின் மாறுதலே காட்டிக்கொடுக்கும்.

செதிலைக் கொண்டு வீட்டு விளக்குகளையெல்லாம் எரித்துவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. நெய்வேலியின் நிலக்கரிக்கு அது ஈடாகாது. ஆனால் நோயாளியின் நாடியையும் மூச்சையும் கவனிக்கும் சிறு கருவிகளுக்கு மைக்ரோ வாட்டுகளே பெரிய செல்வம். குப்பையில் கிடப்பதைச் செல்வமாக்க உற்சாகம் மட்டும் போதாது. பொய் சொல்லாத அளவுகோலும் வேண்டும். நம் பிள்ளைகள் விஞ்ஞானத்தில் முதலாவதாகக் கற்கவேண்டிய பாடமும் அதுவே.