உயிர்க்கலத்துள் ஓர் ஒளியுணரி

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது முதுமொழி. ஒட்சிசனின்றி நாம் வாழோம். ஆயினும் அதிலிருந்து பிறக்கும் ஐதரசன் பேரொட்சைட்டு கலத்தில் மிகுமாயின் புரதங்கள் சிதைவுறும். இதனை ஒட்சியேற்றத் தகைப்பு என்பர். கலத்தை நசுக்கிச் சோதித்தால், அது உயிரோடிருந்த நிலையை அறிதல் அரிது. பின் எவ்வாறு அறிவது?

1962ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் ஒசாமு சிமோமுராவும் அவருடன் உழைத்தோரும், இழுதுமீனொன்றில் பச்சையாய் ஒளிரும் புரதத்தைக் கண்டதை அறிவித்தனர். அதன் மஞ்சள் வகையை, பேரொட்சைட்டை உணரும் பற்றீரியாப் புரதமொன்றோடு பிணைத்து, 2006இல் மொஸ்கோ அறிஞர்கள் 'ஹைப்பர்' எனும் ஒளியுணரியை ஆக்கினர். பேரொட்சைட்டுத் தாக்கியதும் அது 420 நானோமீற்றர் ஒளியைக் குறைவாகவும் 500 நானோமீற்றர் ஒளியை மிகுதியாகவும் ஏற்று ஒளிரும். இவ்விரண்டின் விகிதமே நமக்கு அளவுகோல்.

2009இல் அமெரிக்காவில், இவ்வுணரியைத் தம்முட்கொண்ட வரிக்குதிரை மீன்குஞ்சுகளின் வாற்செட்டையில் ஆய்வாளர் சிறு காயஞ் செய்தனர். காயத்தின் ஓரத்தில் பேரொட்சைட்டு முதலில் எழுந்தது; வெண்குருதிக்கலங்கள் அதன் பின்னரே அங்கு விரைந்தன. பேரொட்சைட்டு உண்டாவதைத் தடுத்தபோது அவற்றின் வரவு குன்றியது.

நஞ்சென்று நாம் ஒதுக்கியது, காவலரை அழைக்கும் மணியாகவும் இருந்தது! கொன்று பார்த்திருந்தால் இதனைக் கண்டிரோம். உயிரை உயிரோடு வைத்தே நோக்கப் பழகுவோமாக.