டீயைக் கருந்துளைக்குள் கொட்டினால்?

மாணவர்களை விடுகதை போட்டு மடக்குவதில் ஜான் வீலருக்குத் தனி ருசி. ‘கருந்துளை’ என்ற பெயரை ஊரறியச் செய்தவர் அவர்தான். 1970களின் தொடக்கத்தில், பிரின்ஸ்டனில் தன்னிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜேக்கப் பெக்கன்ஸ்டைனிடம் ஒன்று கேட்டார். சூடான டீயையும் ஆறிப்போன டீயையும் ஒட்டி வைத்தால் இரண்டும் வெதுவெதுப்பாகிவிடும். பிரபஞ்சத்தின் என்ட்ரோப்பி கொஞ்சம் கூடிவிடும். காலம் உள்ளவரை அழியாத குற்றம் இது. ஆனால் அந்த நேரம் பார்த்துக் கருந்துளை ஒன்று அந்தப் பக்கம் வந்தால்? இரண்டு கோப்பைகளையும் உள்ளே போட்டுவிட்டுத் தடயமில்லாமல் தப்பிவிடலாம் அல்லவா?

என்ட்ரோப்பி என்றதும் மிரள வேண்டாம். டிகாக்‌ஷனில் பாலை ஊற்றிவிட்டால், திரும்பப் பாலைத் தனியே எடுக்க ஆளில்லை. அந்தத் ‘திரும்பாமை’யின் கணக்குதான் என்ட்ரோப்பி. அது மொத்தத்தில் கூடுமே தவிர குறையாது என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. கருந்துளையோ வெளியே நிற்பவருக்கு மூன்றே விவரங்களைத்தான் காட்டும்: நிறை, மின்னூட்டம், சுழற்சி. உள்ளே விழுந்தது டீயா காப்பியா என்று யாருக்கும் தெரியாது. அப்படியானால் விதி பொய்யா?

மாதக்கணக்கில் மண்டையைக் குடைந்துகொண்ட பெக்கன்ஸ்டைன் ஒரு பதிலோடு வந்தார். கோப்பை விழுந்ததும் கருந்துளை ஒரு பொட்டு பெருக்கிறது. அதன் மேற்பரப்பு விரிகிறது. அந்தப் பரப்பளவுதான் அதன் என்ட்ரோப்பியின் அளவுகோல். குற்றத்தின் தடயம் தோலில் எழுதப்பட்டுவிடுகிறது. கேட்ட வீலர், இது பைத்தியக்காரத்தனமான யோசனை, அதனாலேயே சரியாக இருக்கலாம் என்றார்.

இந்த யோசனை ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. கருந்துளையின் பரப்பளவு ஒருபோதும் குறையாது என்று நிறுவியவர் ஸ்டீபன் ஹாக்கிங். 1970 நவம்பரில் ஓர் இரவு, மகள் லூசி பிறந்த சில நாட்களில், படுக்கப் போகும்போது அவருக்கு அது பிடிபட்டது. நோயின் காரணமாகப் படுக்கையில் ஏறுவதற்கே அவருக்கு வெகுநேரமாகும். யோசிக்க அவகாசம் இருந்தது. அந்த நிரூபணத்தின் அடியில் இருப்பது கல்கத்தாவிலிருந்து அமல் குமார் ராய்சௌத்ரி 1955இல் எழுதிய சமன்பாடு. ஈர்ப்பு எதையும் குவிக்கும் என்பதைக் கணிதமாகச் சொன்னது அது.

வேடிக்கை என்னவென்றால், தன் தேற்றத்தை இப்படிப் பயன்படுத்தியதில் ஹாக்கிங்குக்கே எரிச்சல். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. என்ட்ரோப்பி உண்டென்றால் வெப்பநிலை உண்டு. வெப்பநிலை உண்டென்றால் அது கதிர்வீச வேண்டும். எதையுமே வெளியே விடாததற்குத்தானே கருந்துளை என்று பெயர்? 1973இல் ஜேம்ஸ் பார்டீன், பிராண்டன் கார்ட்டர் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரைக்குப் பெக்கன்ஸ்டைன்மீது இருந்த எரிச்சலும் ஒரு காரணம் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

அதே 1973 செப்டம்பரில் ஹாக்கிங் மாஸ்கோ போனார். சுழலும் கருந்துளைகள் துகள்களை உமிழும் என்று அங்கிருந்த இயற்பியலாளர்கள் ஜெல்டோவிச்சும் ஸ்டாரோபின்ஸ்கியும் சொன்னார்கள். அவர்களின் வாதம் அவருக்குப் பிடித்திருந்தது, போட்ட கணக்கு பிடிக்கவில்லை. ஊர் திரும்பித் தானே போட்டுப் பார்த்தார். சுழலாத கருந்துளையும் உமிழ்கிறது என்று விடை வந்தது! எங்கோ பிழை என்று நினைத்தார். பெக்கன்ஸ்டைன் காதுக்கு எட்டினால் அதையே சாட்சியாக வைத்துக்கொள்வாரே என்ற பயம் வேறு. எத்தனை முறை போட்டாலும் விடை மாறவில்லை. 1974இல் ஆக்ஸ்ஃபோர்டு அருகே நடந்த கூட்டத்தில் அதை அறிவித்தபோது, தலைமை தாங்கியவர் எழுந்து இது அபத்தம் என்றாராம்.

விடையின் சுருக்கம்: பிளாங்க் அலகு என்ற மிக நுண்ணிய அளவுகோலில் அளந்த பரப்பளவை நான்கால் வகுத்தால் என்ட்ரோப்பி. ஈர்ப்பும் குவாண்டமும் வெப்பமும் ஒரே வரியில் சந்திக்கும் இடம் இயற்பியலில் இதைப்போல வேறில்லை என்பேன். அதிசயம் ‘பரப்பளவு’ என்ற சொல்லில் இருக்கிறது. குதிருக்குள் எத்தனை மூட்டை நெல் என்று கேட்டால் கொள்ளளவைத்தான் பார்ப்போம். இங்கே சுவரை அளந்தால் போதும் என்கிறது கணக்கு. என்ட்ரோப்பி என்பது, வெளித்தோற்றம் மாறாமல் உள்ளே எத்தனை விதமான அமைப்புகள் இருக்கலாம் என்ற எண்ணிக்கையும்கூட. அப்படியானால் சுவரில் எண்ணப்படுவது எது? 1996இல் ஸ்ட்ராமிஞ்சரும் வாஃபாவும் இழைக் கோட்பாட்டின் வழியே, குறிப்பிட்ட வகைக் கருந்துளைகளுக்கு எண்ணிக் காட்டினார்கள். அபய் அஷ்டேகர் குழுவினர் வேறு வழியில் எண்ணினார்கள். 2000இல் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ரமேஷ் கவுலும் பார்த்தசாரதி மஜும்தாரும் அந்த ‘நான்கில் ஒன்று’க்கு வர வேண்டிய நுண்திருத்தத்தைக் கணக்கிட்டார்கள்.

கதிர்வீச்சை மட்டும் யாரும் பார்த்ததில்லை. சூரியன் நிறையுள்ள கருந்துளையின் வெப்பநிலை ஒரு கெல்வினில் சுமார் 1.6 கோடியில் ஒரு பங்குதான். சுற்றியுள்ள வெற்றுவெளியே 2.7 கெல்வின் சூட்டில் இருக்கும்போது, அது வெப்பத்தை வாங்குமே தவிரக் கொடுக்காது. ஹாக்கிங்குக்கு நோபல் வராமல் போனது இதனால்தான் என்பார்கள்.

ஆனால் ஹாக்கிங்கின் பரப்பளவுத் தேற்றத்தைச் சோதிக்க முடிந்தது. 2015 செப்டம்பர் 14 அன்று, 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் மோதிய ஈர்ப்பலையை அமெரிக்காவின் லைகோ கருவிகள் பிடித்தன. (ராய்சௌத்ரி பிறந்ததும் ஒரு செப்டம்பர் 14தான். தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை.) பென்சிலை எடுங்கள். சூரியனைப்போல் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ளவை மோதி, 62 மடங்குள்ள ஒன்றானது. மூன்று சூரியன் அளவு நிறை அலையாகப் போய்விட்டது. பரப்பளவு நிறையின் வர்க்கத்தைப் பொறுத்தது. 36இன் வர்க்கம் 1296, 29இன் வர்க்கம் 841, கூட்டினால் 2137. 62இன் வர்க்கம் 3844. சுழற்சிக்காகக் கழித்தாலும் மூவாயிரத்தைத் தாண்டும். நிறை குறைந்தது, பரப்பளவு கூடியது.

இந்த அலையை அலசி, தேற்றம் சரியென்று 95 சதவீத உறுதியோடு 2021இல் சொன்னார்கள். 2025 ஜனவரி 14 அன்று வந்த இன்னும் தெளிவான அலையில், 2,40,000 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய பிரிட்டன் அளவு இருந்த மொத்தப் பரப்பு, மோதலுக்குப் பின் 4,00,000 ஆகியிருந்தது. உறுதி 99.999 சதவீதம்.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஹாக்கிங்கின் நினைவுக் கல்லில் கருந்துளை வெப்பநிலைச் சூத்திரம் செதுக்கப்பட்டிருக்கிறது. பெக்கன்ஸ்டைன் ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். அவர் ஹெல்சின்கியில் காலமானது 2015 ஆகஸ்ட் 16 அன்று. லைகோவில் முதல் அலை பதிவாக இன்னும் 29 நாட்கள் இருந்தன.