பத்து டாலருக்குள் ஒரு சுருட்டு

மலிவாகவும் இருக்க வேண்டும், உயர்தரமாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒரு சிகாரை நாக்கு எப்படி எடைபோடுகிறது?

முதல் வேலை, சிகாரின் இடுப்பில் இருக்கும் தங்க நிறக் காகித வளையத்தைக் கழற்றுவது. அதற்குப் பதில் எண் எழுதிய வெறும் வளையம் ஒன்று ஏறும். இனி நடுவருக்குத் தெரிவது உருவமும் அளவும் மட்டுமே. உதாரணமாக 5 அங்குல நீளம், 50 கனம். கனத்தை அங்குலத்தில் 64ல் ஒரு பங்காக அளப்பது சிகார் உலகின் வழக்கம். 50 என்றால் முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். யார் செய்தது, எந்த நாடு, என்ன விலை, எதுவும் தெரியாது. 1992ல் நியூயார்க்கில் தொடங்கிய 'சிகார் அஃபிசியனாடோ' பத்திரிகை பிரபலமாக்கிய முறை இது. மதிப்பெண் 100க்கு. 90ஐ எட்டிவிட்டால் கடைக்காரர் அந்த எண்ணையே அலமாரியில் ஒட்டிவைத்துவிடுவார்.

விலையை மறைப்பதில் அர்த்தம் இருக்கிறது. 'பிரீமியம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அமெரிக்க அரசே திணறியிருக்கிறது. 2014ல் அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் முன்வைத்த யோசனைகளில் ஒன்று, 10 டாலருக்குக் குறையாமல் விற்றால்தான் பிரீமியம் சிகார் என்றது. வழக்கு வாஷிங்டன் நீதிமன்றத்துக்குப் போனது. குஜராத்தின் பாடனில் பிறந்த நீதிபதி அமித் மேத்தா 2023ல் வேறு அளவுகோலை எடுத்துக்கொண்டார். கையால் சுருட்டியிருக்க வேண்டும், மேலே முழு இலை இருக்க வேண்டும், உள்ளே பாதிக்குக் குறையாமல் நீள இலை இருக்க வேண்டும், புகையிலை, தண்ணீர், தாவரப் பசை தவிர வேறொன்றும் கூடாது, வடிகட்டியோ வாசனையோ கூடாது. 1,000 சிகார்களின் எடை 6 பவுண்டுக்கு மேல் இருக்க வேண்டும். விலை பற்றி ஒரு வார்த்தை இல்லை. (2025ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ஏற்றுக்கொண்டாலும், வரையறையை மறுபடி பார்க்கச் சொன்னது.)

ஆக, ஐந்தாறு டாலர் சிகாரும் பிரீமியமாக இருக்க முடியும். கேள்வி ஒன்றுதான்: எதில் மிச்சம் பிடித்தார்கள்? மரப்பெட்டிக்குப் பதில் செலஃபோன் தாளில் இருபதாகக் கட்டி விற்றால் வாங்குகிறவருக்கு நஷ்டமில்லை. விளம்பரத்தைக் குறைத்தாலும் சரி. மேல் இலையில் நிறம் திட்டுத் திட்டாக இருக்கிறது என்று ஒதுக்கப்பட்டதை வேறு பெயரில் மலிவாக விற்றாலும் சரி. காலத்தில் கைவைத்தால்தான் வம்பு.

புகையிலையைப் பறித்து, கொட்டகையில் தொங்கவிட்டு உலர்த்தி, ஆளுயரக் குவியலாக அடுக்கினால் அது தன் சூட்டிலேயே புழுங்கும். குவியலைக் கலைத்து, மேலதைக் கீழாக்கி, மறுபடி அடுக்க வேண்டும். இந்தப் பாடத்தின்போதுதான் இலையிலிருந்து அம்மோனியா வெளியேறுகிறது. பிறகு மூட்டையாகக் கட்டி வருடக்கணக்கில் கிடப்பில் போட வேண்டும். கிடப்பில் கிடப்பது சரக்கு அல்ல, முடங்கிய பணம்.

நிகராகுவாவின் எஸ்டெலி நகரில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். கியூபப் புரட்சிக்குப் பின் வெளியேறிய புகையிலைக் குடும்பங்கள் வளர்த்த ஊர் அது. கியூபாவிலிருந்து போன ஹோசே ஒர்லாந்தோ பாட்ரோன் 1964ல் மயாமியில் தொழிலைத் தொடங்கி, பின்னர் எஸ்டெலிக்கு மாற்றினார். உள்நாட்டுப் போரின்போது 1978ல் ஆலை எரிந்தது. 1985ல் அமெரிக்கா வணிகத் தடை போட்டது. எல்லாவற்றையும் தாண்டி நின்ற அந்த நிறுவனத்தின் சாதாரண வரிசைக்கு இரண்டரை ஆண்டு முதிர்ந்த இலை. '1964' வரிசைக்கு நான்கு ஆண்டு. '1926'க்கு ஐந்து. படிக்குப் படி விலை எகிறுகிறது. பெருமளவு விலைக்குக் காரணம் இந்தக் காத்திருப்புதான். அதில் கீழ்ப்படியே பலருக்குப் போதும் என்பது என் கட்சி.

காத்திருக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சந்தை ஒருமுறை காட்டியது. 1992ல் அமெரிக்கா இறக்குமதி செய்த உயர்ரக சிகார்கள் சுமார் 10 கோடி. 1997ல் 40 கோடிக்கு மேல். நேற்று முளைத்தவர்களெல்லாம் 'டான்' என்று பெயருக்கு முன் போட்டுக்கொண்டு பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். பாதி பாடமான இலை, புதிதாகக் கை பழகியவர்கள் சுருட்டியது, விலை மட்டும் ஆகாயத்தில். அலை அடங்கியபோது கிடங்குகளில் தேங்கியதை டாலர் கணக்கில்கூட வாங்க ஆளில்லை.

சரி, வாயில் வைப்போம். அதற்கு முன் விரல். தலையிலிருந்து கால்வரை மெல்ல அழுத்தும்போது ஓரிடத்தில் கட்டியாகவும் ஓரிடத்தில் தொளதொளவென்றும் இருந்தால், எரியும்போது அங்கே தகராறு. தலையை நறுக்கிவிட்டு, பற்றவைக்காமலே ஒரு முறை இழுத்துப் பார்ப்பார்கள். கெட்டிப் பாயசத்தைக் குழல் வைத்து உறிஞ்சுவதுபோல் இருந்தால் சுருட்டியவர் இலையை மடித்து நசுக்கிவிட்டார் என்று அர்த்தம். காற்றாக வந்தால் உள்ளே சரக்குக் குறைவு. சூடேறி நாக்கைச் சுடும்.

பற்றவைத்த பின் சிகாரை மூன்று பங்காகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். முதல் பங்கில் எல்லா சிகாருமே நல்ல பிள்ளைதான். புகையை நெஞ்சுக்கு இழுப்பதில்லை. வாயில் சுழற்றி, கொஞ்சத்தை மூக்கு வழியே விடுவார்கள். ருசியில் பாதி மூக்கில்தான் தெரியும். அவசரமாகப் பாடம் செய்த இலை மாட்டிக்கொள்வதும் அங்கேதான்: கண்ணில் நீர் வரவழைக்கும் அம்மோனியாக் காரம். மிளகின் காரம் வந்துபோய்விடும், இது உட்கார்ந்துகொள்ளும். இரண்டாம் பங்கில் ருசி மாறுகிறதா, ஒரே சுருதியில் போகிறதா என்று பார்ப்பார்கள். மாறாவிட்டால் குற்றமில்லை, ஐந்து டாலருக்குக் கச்சேரியே கேட்க முடியாது. கடைசிப் பங்கில் சூடும் தாரும் சேர்ந்து எந்தச் சிகாரும் கசக்கும். கசப்பு எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதில்தான் தரம்.

நடுவர்களின் சொற்களஞ்சியம் வேடிக்கையானது: தோல், தேவதாரு, எஸ்பிரெஸோ, ஈர மண். நம் நாக்குக்குக் கொடுத்தால் சுக்கு, வறுத்த மல்லி, கருகாத கருப்பட்டி என்று எழுதுவோம். சொல் எதுவானாலும் பரவாயில்லை, இரண்டு முறை குடித்தாலும் அதே சொல் வர வேண்டும்.

சாம்பலைப் பற்றி மூடநம்பிக்கைகள் ஏராளம். வெளுத்த சாம்பல் உயர்ந்தது என்பார்கள். சாம்பலின் நிறம் பெரும்பாலும் மண்ணின் தாதுக்களைச் சொல்கிறது, ருசியைச் சொல்வதில்லை. ஆனால் அங்குல நீளத்துக்கு உதிராமல் நின்றால் உள்ளே நீள இலை இருக்கிறது, ஒழுங்காகச் சுருட்டியிருக்கிறார்கள் என்று நம்பலாம். சாம்பலை வைத்துச் சரக்கைக் கண்டுபிடித்த முதல் பிரபலம் ஷெர்லாக் ஹோம்ஸ்தான். 1887ல் வெளிவந்த அவருடைய முதல் நாவலில், கொலைகாரன் குடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே சொல்லிவிடுகிறார். நம்மூர்ச் சுருட்டு அன்றைக்கு லண்டன் வாசகருக்கு அவ்வளவு பழக்கம்.

விலை குறைந்த சிகாருக்கு ஒரே ஒரு சிகாரை வைத்துத் தீர்ப்பு எழுதுவது அநியாயம், இரு பக்கமும். ஒரே கட்டிலிருந்து ஐந்து எடுக்க வேண்டும். மூன்று அருமை, ஒன்று அடைப்பு, ஒன்று பக்கவாட்டில் ஓடி எரிந்தது என்றால், குடித்த ஒவ்வொன்றின் உண்மை விலையும் ஏறிவிட்டது. ஈரப்பதம் 70 சதவீதத்தை ஒட்டி வைத்திருந்தார்களா என்பதையும் பார்க்க வேண்டும். கடைக்காரர் காயவிட்டதற்குச் சுருட்டியவர் பழி ஏற்பானேன்?

மதிப்பெண் தாளில் இடம்பெறாத இன்னொரு கணக்கும் உண்டு. புகையை உள்ளே இழுக்காததால் ஆபத்தில்லை என்பது சிகார் பிரியர்களின் நிரந்தர வாதம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998ல் சிகார் பற்றித் தனி ஆய்வுத் தொகுப்பே வெளியிட்டது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்கு சிகார் காரணமாகிறது என்றது அது. சிகார் புகை காரத்தன்மை உடையது என்பதால் நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறும். பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் புகையிலை அடங்கியிருக்கலாம். தினமும் குடிப்பவர்களுக்கே ஆபத்து அதிகம். கல்யாணத்துக்கு ஒன்று என்றிருந்ததைத் தினமும் ஒன்றாக மாற்றுவது விலை மலிவுதான்.

இந்தியாவில் அந்த மலிவும் கிடையாது. சுங்கமும் வரியும் சேர்ந்து ஐந்து டாலர் சரக்கை வேறு ஜாதியில் சேர்த்துவிடுகின்றன. பெட்டியின் முகப்பில் 85 சதவீதத்தை எச்சரிக்கைப் படத்துக்கு விட வேண்டும் என்பது 2016ல் அமலுக்கு வந்த விதி. கியூபாவோ நிகராகுவாவோ, தங்க முத்திரைக்கு மிஞ்சுவது 15 சதவீத இடம்.