தமிழ்நாடு பிரீமியர் லீக் வீரர் தேர்வு

தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) என்பது தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 2016-ல் தொடங்கிய இருபது ஓவர் போட்டித் தொடர். இதில் எட்டு அணிகள் ஆடுகின்றன. கோயம்புத்தூரின் அணி லைக்கா கோவை கிங்ஸ். எந்த வீரர் எந்த அணிக்கு ஆடுவது என்பது தொடக்க ஆண்டுகளில் 'டிராஃப்ட்' எனப்படும் முறைப்படியும், 2023 முதல் ஏலத்தின் மூலமும் முடிவாகிறது.

டிராஃப்ட் முறை

டிராஃப்டில் அணிகள் ஒன்றுக்கொன்று விலை கூட்டிப் போட்டியிடுவதில்லை. பதிவு செய்த வீரர்களின் பட்டியலில் இருந்து முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கின்றன. தெருவில் இரண்டு தலைவர்கள் நின்று மாறி மாறி ஆள் பிரிப்பதன் விரிவான வடிவம் என்று சொல்லலாம். பணம் படைத்த அணி நல்ல வீரர்களை எல்லாம் வளைத்துக்கொள்வதை இம்முறை தடுக்கிறது. ஆனால் அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வீரருக்கு இல்லை.

இம்முறை வட அமெரிக்க விளையாட்டுகளில் வேரூன்றியது. கனடிய கால்பந்து லீக்கில் ஒன்பது அணிகள் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை எட்டுச் சுற்றுகளில் தேர்வு செய்கின்றன. பொதுவாக முந்தைய ஆண்டில் கடைசி இடம் பெற்ற அணிக்கே முதல் வாய்ப்பு. அங்கு ஒவ்வோர் அணியும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கனடியரை வைத்திருக்க வேண்டும் என்பதால் இத்தேர்வுக்கு மதிப்பு அதிகம். 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் ஒவ்வோர் அணியும் தன் வட்டாரத்து வீரர்கள் சிலரைத் தேர்வுக்கு முன்பே எடுத்துக்கொள்ளும் சலுகை அங்கு இருந்தது. டி.என்.பி.எல்.லில் கல்லூரிப் படிப்பு தகுதி ஆவதில்லை. மாநிலச் சங்கத்தின் கீழ் வரும் கிளப், மாவட்ட ஆட்டங்களே வீரர்களின் ஊற்று.

சொந்த ஊரும் அணியும்

அணிகளின் பெயரில் ஊர் இருந்தாலும் ஆடுபவர் அந்த ஊர்க்காரராக இருப்பது தற்செயலே. இதற்குச் சிறந்த சான்று கோயம்புத்தூரில் பிறந்த விக்கெட் கீப்பர் நாராயண் ஜெகதீசன். அவர் பெயர் பெற்றது திண்டுக்கல் டிராகன்ஸ் அணியில். பின்னர் சேப்பாக் சூப்பர் கில்லீஸுக்குச் சென்றார். 2022 இறுதிப்போட்டி கோயம்புத்தூர் ஸ்ரீ ராமகிருஷ்ணா கல்லூரி மைதானத்தில் கோவைக்கும் சேப்பாக்குக்கும் நடந்தபோது, உள்ளூர் ரசிகர்களின் மண்ணின் மைந்தர் எதிரணிப் பட்டியலில் இருந்தார். மழையால் ஆட்டம் நின்று கோப்பை இரு அணிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கோவையை வழிநடத்திய ஷாருக் கானோ சென்னைக்காரர்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜன் 2016-ல் திண்டுக்கல் அணிக்கு ஆடினார். அப்போது சேலத்துக்கு அணியே இல்லை. அத்தொடரில் அவர் வீசிய யார்க்கர்கள் கவனம் பெற்றன. அடுத்த ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்சம் ரூபாய் அடிப்படை விலையில் இருந்த அவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு வாங்கியது. எந்த அணி எடுத்தது என்பதைவிட, யாரோ ஓர் அணி எடுத்தது என்பதே சிறு ஊர் வீரருக்கு முக்கியம் என்பதை இது காட்டுகிறது.

அணிகளே இடம் மாறியதும் உண்டு. தூத்துக்குடி அணி சேலம் ஸ்பார்டன்ஸ் ஆனது. காரைக்குடி காளை, திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. இரண்டும் 2021 தொடரில் புதிய பெயர்களில் ஆடின. இப்படிக் கொங்கு வட்டாரத்துக்கு மூன்று அணிகள் கிடைத்தன. அந்த இளைஞர்கள் இவ்வணிகளில்தான் ஆடுவார்கள் என்ற உறுதி மட்டும் கிடைக்கவில்லை.

ஏலம்

2023 பிப்ரவரி 23, 24 தேதிகளில் மாமல்லபுரத்தில் முதல் ஏலம் நடந்தது. ஓர் அணியின் செலவு வரம்பு 70 லட்சம் ரூபாய். சாய் சுதர்சனைக் கோவை கிங்ஸ் 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அந்த ஏலத்தின் உச்ச விலை அதுவே. அதே ஆண்டு ஐ.பி.எல்.லில் குஜராத் டைட்டன்ஸ் அவருக்கு அளித்த தொகை 20 லட்சம்தான். மாநிலத் தொடரில் கூடுதல் விலை போனது அன்று வியப்பாகப் பேசப்பட்டது. சில மாதங்களில் ஐ.பி.எல். இறுதிப்போட்டியில் 47 பந்துகளில் 96 ஓட்டங்கள் எடுத்து அவர் அந்தப் பேச்சை அடக்கினார். இந்திய அணிக்கு ஆடிய விஜய் சங்கரைத் திருப்பூர் அணி 10.25 லட்சத்துக்குப் பெற்றது.

டிராஃப்டில் ஒரு வீரரின் மதிப்பு அவர் எந்தச் சுற்றில் அழைக்கப்பட்டார் என்பதில் தெரியும். ஏலத்தில் அது ரூபாயில் தெரிகிறது. ஒருவருக்கே நிதியில் பத்தில் மூன்று பங்குக்கு மேல் கொடுத்த அணி மற்ற இடங்களைக் குறைந்த விலையில் நிரப்பியாக வேண்டும். கவனிக்கப்படாத மாவட்ட வீரர்களுக்கு இது வாய்ப்பாகவும் அமையலாம், அடிமட்ட விலையாகவும் அமையலாம். செலவு வரம்பு எல்லா அணிகளுக்கும் ஒன்றே என்பதால் டிராஃப்டின் சமநிலை நோக்கம் முற்றிலும் கைவிடப்படவில்லை.

அந்த ஆண்டு திருநெல்வேலியில் நடந்த இறுதிப்போட்டியில் கோவை கிங்ஸ் 104 ஓட்டங்கள் வித்தியாசத்தில் நெல்லை ராயல் கிங்ஸை வென்று முதன்முறையாகக் கோப்பையைத் தனித்துப் பெற்றது. 2025-ல் திருப்பூர் தமிழன்ஸ் வென்றதால் கோப்பை மீண்டும் கொங்கு நாட்டுக்கு வந்தது.