வாக்குறுதி மாறலாம், சட்டப் பொறுப்பு மாறாது: பி.பி. தரும் பாடம்

சுற்றுச்சூழல் குறித்துப் பெரிய நிறுவனங்கள் தாமாக அளிக்கும் வாக்குறுதிகள் அவற்றை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும்? லண்டனைத் தலைமையகமாகக் கொண்ட பி.பி. எண்ணெய் நிறுவனத்தின் அனுபவம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

'பெட்ரோலியத்துக்கு அப்பால்' என்ற முழக்கத்துடன் 2000ஆம் ஆண்டில் பச்சை, மஞ்சள் நிற இலச்சினைக்கு மாறியது இந்நிறுவனம். ஆனால் 2005இல் அதன் டெக்சாஸ் சுத்திகரிப்பு ஆலையில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 15 பேர் உயிரிழந்தனர். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' துரப்பண மேடை வெடித்ததில் 11 பேர் பலியாகினர். பி.பி.க்குச் சொந்தமான கிணற்றிலிருந்து 87 நாட்கள் எண்ணெய் கடலில் கலந்தது.

இதற்கு அமெரிக்கச் சட்டங்கள் இழப்பீடும் அபராதமும் விதிக்க இடமளித்தன. மத்திய அரசுக்கும் ஐந்து மாநிலங்களுக்கும் 2,000 கோடி டாலருக்கும் அதிகமாகச் செலுத்த பி.பி. 2015இல் உடன்பட்டது.

மாறாக, எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 2030க்குள் 40 சதவீதம் குறைப்பதாக 2020இல் அது அளித்த வாக்குறுதி, சட்டக் கட்டாயம் இல்லாதது. 2023இல் அந்த இலக்கு 25 சதவீதமாகத் தளர்த்தப்பட்டது. கூடுதல் லாபம் கோரிய முதலீட்டாளர்களின் அழுத்தத்துக்கிடையே, 2025இல் அது முற்றாகக் கைவிடப்பட்டு, உற்பத்தியை உயர்த்தும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

நிர்வாகக் குழு தானே வகுத்த இலக்கைத் தானே நீக்கிவிட முடியும். நீதிமன்றம் ஏற்ற கடப்பாட்டை அவ்வாறு நீக்க இயலாது என்பதே இங்குள்ள வேறுபாடு.